சுருளை விடுவதா, நீட்டுவதா, மேலே தைப்பதா? கறுப்பினப் பெண்களின் முடித் தேர்வு

"மகளுக்குப் பதினோரு வயது. முடியை நேராக்க ரிலாக்சர் போட்டே ஆகணும்னு அடம்பிடிக்கிறாள். போடலாமா? இல்லை, சவுரி மாதிரி மேலே தைக்கிறாங்களே, அது பரவாயில்லையா? ஒண்ணுமே வேண்டாம், அப்படியே விடுன்னு சொல்றதா?"

கறுப்பினத்தவரை மணந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் குடும்பம் நடத்தும் தமிழ்ப் பெண்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. தேங்காயெண்ணெயும் வாரம் ஒரு சீயக்காய்க் குளியலும் போதும் என்று வளர்ந்தவர்கள் இவர்கள். மகளின் தலையில் அந்தப் பக்குவம் எதுவும் எடுபடவில்லை.

கறுப்பினப் பெண்களுக்கு இது சிறுவயதில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் கூடவே வரும் கேள்வி. அட்லாண்டாவில் பிறந்து வளர்ந்த என் அண்ணி மூன்று வழியிலும் போய்ப் பார்த்தவர். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், தோல் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சொல்லியிருப்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், அந்த முடி

நெருக்கமான சுருள்முடிக்கு வேர்ப்பையே வளைந்திருக்கும். முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் நுனி வரை இறங்கிவிடும். சுருள்முடியில் அத்தனை வளைவுகளைத் தாண்டி இறங்க முடியாமல் மேலேயே தங்கிவிடும். அதனால் நுனி எப்போதும் வறண்டிருக்கும், வளைவுகளில் சட்டென்று ஒடியும். "இவளுக்கு முடியே வளரல" என்று அம்மாக்கள் கவலைப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம், வளர்கிற வேகத்திலேயே நுனியில் ஒடிந்துபோவதுதான். காய்ந்தால் சுருங்கவும் செய்யும். இழுத்தால் தோளைத் தொடும் முடி, விட்டால் காதோரம் நிற்கும்.

இந்த முடிக்கு முதல் தேவை தண்ணீர். எண்ணெய், அந்த ஈரம் போகாமல் மேலே மூடுவதற்கு. உலர்ந்த தலையில் எண்ணெயை வைத்துச் சீப்பால் இழுப்பதுதான் நம் வீட்டு அம்மாக்கள் பலரும் செய்வது. முடி ஒடிவதற்கு அதுவே போதும்.

எதை வைத்து எடைபோடுவது

பணம், நேரம், உடல்நலம், வேலையிடத்திலும் பள்ளியிலும் கிடைக்கும் மரியாதை, நீச்சல், உடற்பயிற்சி, தூக்கம் போன்ற அன்றாடம். இவை எல்லாவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இவற்றுக்கெல்லாம் மேலே நான் ஒன்றை வைக்கிறேன்: பின்னால் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி வர முடியுமா? ஒடிந்த முடி வளரும், செலவழித்த பணத்தை மறுபடி ஈட்டலாம். வடுவாகிப்போன வேர்ப்பையில் மட்டும் முடி மறுபடி முளைக்காது. பார்லரை விட்டு வெளியே வரும் நாளில் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பவர்கள் அதிகம். ஐந்து வருடம் கழித்துத் தலைத்தோலும் நெற்றியோர முடியும் எப்படி இருக்கும் என்றுதான் கேட்க வேண்டும்.

வெளியுலகத்தின் பார்வையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு "இயற்கையே அழகு" என்று அறிவுரை சொல்வது நியாயமில்லை. 1786இல் ஸ்பானியர் ஆட்சியிலிருந்த லூசியானாவில் ஆளுநர் மிரோ, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பின, கலப்பினப் பெண்கள் தலையைத் துணியால் மூட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதன்பின் இருநூறு வருடங்களுக்கு மேல் ஓடியும் கதை முடியவில்லை. 2010இல் அலபாமா மாநிலத்தின் மோபீல் நகரில் ஒரு நிறுவனம், சடைத்திரிகளை (ட்ரெட்லாக்ஸ்) வெட்ட மறுத்த கறுப்பினப் பெண்ணுக்குக் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அமெரிக்க ராணுவம் சடைத்திரியை அனுமதித்ததே 2017இல்தான்.

2019இல் கலிஃபோர்னியா 'கிரவுன்' சட்டம் கொண்டுவந்தது. முடியின் இயல்பையும் பின்னல் பாணியையும் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றியிருக்கின்றன. நாடு முழுமைக்குமான மசோதா 2022இல் கீழவையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. சட்டம் இருக்கும் இடத்திலும் ஓட்டைகள் உண்டு. டெக்சாஸில் 2023 செப்டம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஹூஸ்டனுக்கு அருகே ஒரு பள்ளி, சடைத்திரியின் நீளத்தைக் காரணம் காட்டி ஒரு மாணவரைத் தண்டித்தபோது, அது சட்டமீறல் இல்லை என்று 2024 பிப்ரவரியில் நீதிபதி சொல்லிவிட்டார். நீங்கள் இருக்கும் மாநிலத்தில் சட்டம் இருக்கிறதா, பள்ளியின் விதிப் புத்தகத்தில் நீளம் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

துறையைப் பொறுத்தும் இது மாறும். டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் பங்கேற்று 2020இல் வெளியான ஓர் ஆய்வில், இயற்கை முடியுடன் இருந்த கறுப்பின விண்ணப்பதாரர்களை, முடியை நேராக்கியிருந்தவர்களைவிடத் தொழில்நேர்த்தி குறைந்தவர்களாக மதிப்பிட்டார்கள். ஆலோசனை நிறுவன வேலை என்றபோது இந்தப் பாகுபாடு தெரிந்தது, விளம்பர நிறுவன வேலை என்றபோது தெரியவில்லை. வெள்ளை மாளிகையில் இருந்த எட்டு வருடமும் முடியை நேராகவே வைத்திருந்ததற்குக் காரணம், பின்னலை ஏற்க நாடு தயாராக இல்லை என்று நினைத்ததுதான் என மிஷெல் ஒபாமாவே 2022இல் சொன்னார். அவருக்கே அந்த நிலை.

ரிலாக்சர்

சுருள்முடியை ரசாயனத்தால் நிரந்தரமாக நேராக்கும் களிம்பு இது. இதன் முக்கியப் பொருள் சோடியம் ஹைட்ராக்சைடு. சோப்பு காய்ச்சவும் சாக்கடை அடைப்பு எடுக்கவும் பயன்படும் அதே காஸ்டிக் சோடாதான், அளவு குறைத்துக் களிம்பில் கலந்தது. முடிக்குச் சுருள் வடிவம் கொடுக்கும் கந்தகப் பிணைப்புகளை அது உடைத்துவிடுகிறது. உடைந்த பகுதி மறுபடி சுருளாது. "நோ-லை" என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்துத் தீங்கில்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். அதில் கால்சியம் ஹைட்ராக்சைடு களிம்போடு இன்னொரு திரவத்தைக் கலந்து குவானிடின் ஹைட்ராக்சைடு உண்டாக்குகிறார்கள். தலைத்தோலில் எரிச்சல் சற்றுக் குறையும். ஆனால் கால்சியம் முடியில் படிந்து அதை இன்னும் வறட்டிவிடும்.

போடும் நாளுக்கு முந்தைய சில நாட்கள் தலையைச் சொறியக்கூடக் கூடாது. நகம் பட்ட இடமெல்லாம் எரியும். நெற்றியோரம், காது மடல், பிடரி முழுக்க வாசலின் தடவி, புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதியில் மட்டும் களிம்பை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ, நல்லாப் பிடிக்கட்டும்" என்று சொல்லித்தான் அண்ணியின் தலைமுறையில் சிறுமிகளை உட்காரவைத்தார்கள். அப்படிப் பொறுத்ததில் வந்த பொருக்கு பலருக்கு இன்னும் நினைவிருக்கிறது. எரிந்தால் உடனே கழுவ வேண்டும் என்பதுதான் சரியான விதி.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. சீப்பு தடையில்லாமல் இறங்கும். காலையில் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். இரண்டு வேலை பார்த்துக்கொண்டு மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு அந்தப் பத்து நிமிடத்தின் மதிப்பு தெரியும். 1950களில் சிகாகோவில் தொழில் தொடங்கிய ஜார்ஜ் ஜான்சன் போன்ற கறுப்பினத் தொழிலதிபர்கள் இந்தத் தேவையின் மீதுதான் பெரும் நிறுவனங்களைக் கட்டினார்கள். ஜான்சனின் நிறுவனம் 1971இல் அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலானது.

கண்ணுக்குத் தெரியாத செலவு உடல்நலத்தில் இருக்கிறது. 2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 33,497 பெண்களைச் சுமார் பதினோரு வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. முடி நேராக்கும் பொருட்களைத் தொடவே தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். வருடத்தில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். பாஸ்டன் பல்கலைக்கழகம் கறுப்பினப் பெண்களிடையே நடத்திவரும் நீண்டகால ஆய்வு 2023இல் சொன்னது: மாதவிடாய் நின்ற பெண்களில், வருடம் இரண்டு முறைக்கு மேல் அல்லது ஐந்து வருடத்துக்கு மேல் ரிலாக்சர் போட்டவர்களுக்கு, அரிதாகவோ ஒருபோதுமோ போடாதவர்களைவிட ஐம்பது சதவீதத்துக்கும் மேல் ஆபத்து கூடியிருந்தது.

இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். ரிலாக்சர்தான் புற்றுநோயை உண்டாக்கியது என்று நிரூபிப்பவை அல்ல. நூறில் நான்கு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான் என்று ஒருவர் நினைத்தால் அதுவும் அவர் உரிமை. ஆனால் அமெரிக்காவில் அழகுசாதனப் பொருட்களை விற்பனைக்கு முன்பே அரசு சோதித்து ஒப்புதல் தரும் வழக்கம் இல்லை என்பதையும், தலைத்தோல் புண்ணாகும்போது ரசாயனம் உடலுக்குள் இறங்குவது எளிதாகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நிறுவனங்கள் மீது தொடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வழக்குகள் சிகாகோவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுக்கின்றன.

வீவ்

நம் ஊரில் சவுரியைப் பின்னலோடு சேர்த்துப் பின்னுகிறோம். இங்கே தைக்கிறார்கள். சொந்த முடியைத் தலையோடு ஒட்டிய வரிவரியான கார்ன்ரோவாகப் பின்னி, நாடா போல் தைத்த முடிச்சரத்தை வளைந்த ஊசியால் அதன்மேல் வைத்துத் தைப்பது. ஒஹாயோவைச் சேர்ந்த கிறிஸ்டினா ஜென்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண் இந்த முறைக்கு 1952இல் காப்புரிமை பெற்றார்.

அந்த முடி எங்கிருந்து போகிறது என்பதில் நம் பங்கும் இருக்கிறது. பழனி, திருத்தணி, சமயபுரம், திருமலை என்று கோயில்களில் நேர்த்திக்கடனாகக் கொடுக்கும் முடி ஏலத்துக்குப் போய், தரம்பிரித்துச் சுத்தம்செய்யப்பட்டு ஏற்றுமதியாகிறது. சென்னை அதற்கு முக்கியமான மையம். ஒரே தலையிலிருந்து ஒரே வீச்சில் மழித்த முடியில், இழையின் மேற்புறத்திலுள்ள நுண்ணிய செதில்கள் எல்லாம் ஒரே திசையில் இருக்கும். இதுதான் 'ரெமி'. தெருவில் பாத்திரத்துக்கும் பலூனுக்கும் மாற்றாக வாங்கிப் போகிறார்களே சிக்குமுடி, அது வேறு சரக்கு. வேரும் நுனியும் மாறிமாறிக் கிடக்கும். அப்படியே தைத்தால் சிக்கிக்கொள்ளும் என்பதால் அமிலத்தில் போட்டுச் செதிலை எடுத்துவிட்டு, சிலிக்கான் பூசிப் பளபளப்பாக்குகிறார்கள். கடையில் இரண்டும் 'மனித முடி' என்றே தொங்கும். சில முறை அலசியதும் சிலிக்கான் போய்விடும், முடி உருண்டை உருண்டையாகச் சிக்கும். 'பிரேசிலியன்', 'பெருவியன்' என்பவை பெரும்பாலும் வியாபாரப் பெயர்கள், முடி பிறந்த ஊரைச் சொல்பவை அல்ல. வாங்கும்போது ஒற்றை இழையை இரு விரலால் பிடித்து நுனியிலிருந்து வேருக்கு நீவிப் பாருங்கள். செதிலுள்ள முடியானால் லேசாகச் சொரசொரக்கும், எதிர்த்திசையில் வழுக்கும். இரு பக்கமும் கண்ணாடி போல் வழுக்கினால் செதில் எடுத்த சரக்கு.

அமெரிக்க நகரங்களில் தைக்கும் கூலி மட்டும் பொதுவாக 150 முதல் 400 டாலர். அதற்கு மேல் இரண்டு மூன்று கட்டு முடியின் விலை. ஆறு முதல் எட்டு வாரத்தில் பிரித்துவிட வேண்டும். செலவைத் தாங்காமல் நாலைந்து மாதம் இழுப்பவர்களுக்கு உள்ளே முடி சடைபிடித்து, பிரிக்கும்போது கொத்தாக வரும். தலை குளித்தபின் அடியிலுள்ள பின்னல் முழுக்கக் காயாவிட்டால் பூஞ்சை வாடை வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விலை நெற்றியோர முடி. இறுக்கிப் பின்னுவதாலும் சரத்தின் கனத்தாலும் வேர் ஓயாமல் இழுபடும்போது, முதலில் வலி, அப்புறம் சிறுசிறு கொப்புளம், பிறகு காதுக்கு முன்னால் முடி மெலிவது. தோல் மருத்துவர்கள் இதை இழுவை வழுக்கை என்கிறார்கள். ஆரம்பத்திலேயே இழுப்பதை நிறுத்தினால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வடுவாகி, நெற்றி ஏறியது ஏறியதுதான். பின்னல் போட்ட அன்று தலைவலி மாத்திரை தேவைப்பட்டால் அது இறுக்கம் அதிகம் என்பதற்கான அடையாளம். அங்கேயே உட்கார்ந்து தளர்த்தச் சொல்ல வேண்டும். ரிலாக்சர் போட்டு ஏற்கெனவே பலவீனமான முடியின் மேல் வீவ் தைப்பது இரட்டைப் பாரம். நெற்றியோரம் பசைபோட்டு ஒட்டும் லேஸ் விக்கிலும் பசையை எடுக்கும் அவசரத்தில் இதே சேதம் நேர்கிறது. பசையில்லாமல் இரவில் கழற்றி வைக்கக்கூடிய விக், தைத்த வீவைவிடத் தலைக்கு நல்லது.

செயற்கை இழையைச் சேர்த்துப் பின்னும் பின்னல்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2025இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பான 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்துச் செயற்கை இழைகளைச் சோதித்ததில் பத்திலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்களும், ஒன்பதில் ஈயமும் இருந்தன.

இயற்கை முடி

இதன் விலை நேரம். அண்ணி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தலை குளிக்கும் நாள் என்றால் வேறு வேலை கிடையாது. முடியை நான்கு பகுதியாகப் பிரித்துக் கிளிப் போடுவார். ஒரு பகுதியை எடுத்துத் தண்ணீர் தெளித்து, கை நிறையக் கண்டிஷனர் தடவி, முதலில் விரலால் சிக்கெடுப்பார். பிறகுதான் அகலப்பல் சீப்பு, அதுவும் நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மேலே. அலசியபின் ஈரத்தோடேயே க்ரீமும் எண்ணெயும் வைத்து இரட்டைப் புரியாக முறுக்கி விடுவார். மறுநாள் பிரித்தால் அலையலையாக நிற்கும். இரவில் சாட்டின் தொப்பி. பருத்தித் தலையணை முடியின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

செலவே இல்லை என்று நினைத்து இறங்கினால் ஏமாற்றம்தான். எந்தக் க்ரீம் தன் முடிக்கு ஒத்துவரும் என்று கண்டுபிடிப்பதற்குள் குளியலறை அலமாரி நிறைந்துவிடும். இந்த முடியைக் கையாளத் தெரிந்த பார்லர் கிடைப்பதும் எளிதில்லை. அழகுக்கலைப் பள்ளிகள் எல்லா வகை முடியையும் கற்பிக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டதே 2023இல்தான்.

வியர்வைக்கும் தண்ணீருக்கும் பயப்பட வேண்டாம் என்பது பெரிய லாபம். 2012இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கேட்கப்பட்ட கறுப்பினப் பெண்களில் ஐந்தில் இருவர் அளவுக்கு முடி கெட்டுவிடும் என்று உடற்பயிற்சியைத் தவிர்ப்பதாகச் சொன்னார்கள். அமெரிக்காவின் தலைமை மருத்துவராக இருந்த ரெஜினா பெஞ்சமின், அதற்கு முந்தைய வருடமே அட்லாண்டாவில் நடந்த முடி அலங்காரக் கண்காட்சிக்குப் போய் இதைப் பேசினார். நீச்சலில் மட்டும் தொப்பி சிறியதாக இருப்பது தொல்லை. பெரிய முடிக்கான 'சோல் கேப்' தொப்பியை 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அனுமதிக்கவில்லை. 2022இல்தான் பன்னாட்டு நீச்சல் சம்மேளனம் ஒப்புக்கொண்டது.

விசேஷ நாளில் நேராக வேண்டுமென்றால் 'சில்க் பிரஸ்' இருக்கிறது. சூட்டுக் கருவியால் நீட்டுவது. தலையை நனைத்தால் சுருள் திரும்பிவிடும். எப்போதாவது செய்தால் பாதகமில்லை. வாராவாரம் செய்தால் சூட்டில் வெந்த முடி பழைய சுருளுக்குத் திரும்பாது.

| | ரிலாக்சர் | வீவ் | இயற்கை முடி |
|---|---|---|---|
| அன்றாட நேரம் | குறைவு | மிகக் குறைவு | அதிகம் |
| மறுபடி செய்ய வேண்டியது | 8–12 வாரம் | 6–8 வாரம் | வாராவாரம் பராமரிப்பு |
| பணம் | நடுத்தரம் | மிக அதிகம் | தொடக்கத்தில் அதிகம், பிறகு குறைவு |
| தண்ணீர், வியர்வை | கவனம் வேண்டும் | காயவைப்பது கடினம் | பயமில்லை |
| மிக மோசமான இழப்பு | தலைத்தோல் புண், உடல்நல ஆபத்து | நெற்றியோர முடி | ஒடிதல், வேலையிடப் பாகுபாடு |
| திரும்பி வர | வளர்த்து வெட்ட வேண்டும் | பிரித்தால் போதும், வேர் நன்றாக இருந்தால் | திரும்ப வேண்டியதே இல்லை |

யாருக்கு எது

தலைத்தோல் நன்றாக இருந்து, ஞாயிற்றுக்கிழமையில் மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்க முடிந்து, வேலையிடமும் இடைஞ்சல் செய்யாது என்றால் இயற்கை முடிதான் என் முதல் சிபாரிசு. ரிலாக்சரிலிருந்து வெளியே வருபவர், கெடுபிடியான அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர், பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு இருப்பவர் ஆகியோருக்குத் தளர்வாகத் தைத்த வீவோ கழற்றும் விக்கோ உதவும். இரண்டு வீவுக்கு நடுவே சில வாரமாவது தலைக்கு ஓய்வு வேண்டும். நெற்றியோரம் ஏற்கெனவே மெலிந்திருந்தால் வீவே வேண்டாம், தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ரிலாக்சரை நான் கடைசியில் வைக்கிறேன். ஆனாலும் எல்லாம் தெரிந்து வயதுவந்த ஒரு பெண் அதைத் தேர்ந்தெடுத்தால் அது அவர் முடிவு. அவருக்குச் சொல்ல நான்கு வார்த்தைகள் உண்டு: வீட்டில் தானே போட வேண்டாம். புண் இருக்கும் தலையில் போட வேண்டாம். பழைய முடிமேல் மறுபடி படவிட வேண்டாம். இடைவெளியை மூன்று மாதத்துக்கு மேல் நீட்டுங்கள். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். ரிலாக்சர் போட்ட வரலாற்றையும் அவரிடம் சொல்லுங்கள்.

அந்தப் பதினோரு வயதுக்காரிக்கு

ரிலாக்சர் வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரிகிற வயது அவளுக்கு வரட்டும். கனமான வீவும் வேண்டாம். தளர்வான புரிப்பின்னலோ, செயற்கை இழை சேர்க்காத கார்ன்ரோவோ போட்டுப் பாருங்கள். பிறந்தநாளுக்கு நேர்முடிதான் வேண்டும் என்று கெஞ்சினால், நல்ல கைகாரரிடம் ஒரு முறை சில்க் பிரஸ் செய்துகொடுங்கள். ஆசையும் தீரும், சுருளும் திரும்பும்.

அப்பா வழி அத்தையிடமும் பாட்டியிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள். அண்ணியின் அனுபவத்தில், வீட்டுக்கு வந்த மருமகள் "எனக்குச் சொல்லித் தாங்க" என்று சீப்பை நீட்டினால் யாரும் மறுத்ததில்லை. குழந்தையின் முன்னால் அவள் முடியை அடங்காதது, பரட்டை என்று சொல்வதை மட்டும் வீட்டிலுள்ள எல்லாரும் இன்றோடு நிறுத்த வேண்டும். நம் பக்கத்துத் தாத்தா பாட்டி வீடியோ அழைப்பில் சொன்னாலும் சரி.

ஏற்கெனவே ரிலாக்சர் போட்டிருந்தால்

இரண்டு வழி. ஒன்று, நேரான பகுதி முழுவதையும் ஒரே நாளில் வெட்டிவிட்டு இரண்டு அங்குலச் சுருளோடு தொடங்குவது. மனத்துணிவு இருந்தால் இதுவே தலைக்குச் சுலபம். இன்னொன்று, ஒன்றரை இரண்டு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக நுனியை வெட்டிக்கொண்டே வளர்ப்பது. இதில் புதுச் சுருளும் பழைய நேர்முடியும் சேரும் இடம்தான் மிகப் பலவீனமானது. அங்கே உலர்ந்த சீப்பு படக்கூடாது, நனைத்துக் கண்டிஷனர் வைத்து விரலால்தான் சிக்கெடுக்க வேண்டும். எட்டுப் பத்து வாரத்துக்கு ஒரு முறை அரை அங்குலம் வெட்டிக்கொண்டே வாருங்கள். இடையில் பொறுமை போகும் மாதங்களில் ரிலாக்சர் டப்பாவைத் தேடாமல் விக்கை மாட்டிக்கொள்ளுங்கள்.